13,900 கிலோமீட்டரும் அம்மாவின் முழங்காலும்

பிள்ளைகளே, சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம் என்று தேடினால் சுமார் 13,900 கிலோமீட்டர் என்று வரும். வகுப்பில் உலக உருண்டையில் நூல் பிடித்துக் காட்டுவேனே, அந்த நூலின் நீளம் அது. நூலை இழுத்துப் பிடித்தால் பசிபிக் கடலின் நடுவே போகாது. வடக்கே ஏறி, திபெத், சீனா, ரஷ்யாவின் கிழக்குக் கோடி, அலாஸ்கா என்று வளைந்து இறங்கும்.

ஆனால் அந்த நூல் மேல் யாரும் உங்கள் அப்பா அம்மாவை ஏற்றிப் போவதில்லை. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. தவிர, திபெத்துக்கு மேலே விமானங்கள் கூடியவரை பறப்பதில்லை. உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் சட்டென்று 10,000 அடிக்கு இறங்க வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரம்! (கடைசி பெஞ்சுக்காரர்கள் இதையாவது குறித்துக்கொள்ளுங்கள்.)

லண்டன் வழியாகப் போனால் 8,200, அப்புறம் 8,600. துபாய் வழி என்றால் 2,900, அப்புறம் 13,000. கூட்டிப் பார்த்தால் துபாய் வழி சுமார் 900 கிலோமீட்டர் குறைவு. அதனால் அதுவே நல்லது என்று டிக்கெட் போட்டுவிடுகிறீர்கள். இங்கேதான் எனக்கு உங்களோடு உடன்பாடில்லை. துபாய்க்கு 4 மணி நேரம், அதன்பின் ஒரே மூச்சில் 16 மணி நேரம். லண்டன் வழியில் ஏறக்குறைய 11, மறுபடி 11. எழுபது வயதில் பதினாறு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கால் வீங்குவது மட்டுமில்லை, ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஜன்னல் சீட்டில் மாட்டிக்கொண்ட அம்மாக்கள், பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். நடைவழி சீட்டுக்குக் கூடப் பணம் கேட்டால் கொடுங்கள்.

நேரக் கணக்கும் ஏமாற்றும். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி அதே நாள் மாலை 4 மணிக்குச் சேருவதாக டிக்கெட்டில் இருக்கும். கோடைக்காலத்தில் கலிபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால் உண்மையில் அது 24½ மணி நேரம். தஞ்சாவூர்க்காரர் என்றால் சென்னைக்குக் காரில் 7 மணி நேரம், விமான நிலையத்தில் 3 மணி நேரம் முன்னதாக. மொத்தம் 34 மணி நேரத்துக்கு மேல். சர்க்கரை மாத்திரையை எந்த ஊர் மணிக்குப் போடுவது என்று அவர்களுக்கு யார் சொன்னீர்கள்? டாக்டரிடம் கேட்டு, ஒரு தாளில் தமிழில் எழுதிக் கைப்பையில் வைத்து அனுப்புங்கள். மாத்திரையும் கைப்பையில்தான்.

சில ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று இரண்டு இடத்தில் மாறும் டிக்கெட் போடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை. அங்கே பெட்டிகளை எடுத்து, மறுபடி ஒப்படைத்து, அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டும். இங்கிலீஷ் பேசத் தயங்குகிறவர்களை அந்த வரிசையில் தனியாக நிறுத்தாதீர்கள். நீங்கள் இருக்கும் ஊரிலேயே முதலில் இறங்குவது போலப் பாருங்கள். இடையில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். நடக்கிறவர்களாக இருந்தாலும் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். அப்பா வேண்டாம் என்பார். கேட்டு வையுங்கள்.