கூடத்துப் புலியும் பள்ளிக்கரணையும்

கைபேசியில் புலியைத் தேடினால், முப்பரிமாணப் புலி ஒன்று வீட்டுக் கூடத்தில் வந்து நின்று உறுமியது. 2019-இல் கூகுள் கொண்டுவந்த வசதி இது. கரோனா ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. ஆனால், அந்தப் புலிக்குக் காடும் இல்லை, இரையும் இல்லை, வழித்தடமும் இல்லை. ஆக்மென்டட் ரியாலிட்டி எனப்படும் மிகைமெய் நுட்பத்தை இப்படி வேடிக்கையோடு நிறுத்திவிட்டு, அதையே சூழல் கல்வி என்று சொல்லிக்கொள்வதில்தான் எனக்கு மறுப்பு.

விதிவிலக்கும் உண்டு. உலக இயற்கை நிதியம் 2018-இல் வெளியிட்ட 'ஃப்ரீ ரிவர்ஸ்' செயலி, மேசைமேல் ஓர் ஆற்றையே ஓடவிட்டது. குறுக்கே அணை கட்டினால் கீழ்ப்பகுதி என்னவாகிறது என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்ளலாம். அங்கே கற்பித்தது விலங்கின் உருவமல்ல, காரணமும் விளைவும்.

நம் ஊருக்கு அதைவிட எளிய கருவி கையிலேயே இருக்கிறது. 'கூகுள் எர்த்' 1984 முதலான செயற்கைக்கோள் படங்களை ஆண்டு வரிசையில் ஓட்டிக் காட்டுகிறது. தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் அதை நிறுத்திப் பாருங்கள். பெருங்குடிக் குப்பைமேடு பரவுகிறது. துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்பை ஊடறுக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையோரம் கட்டடங்கள் நெருக்குகின்றன. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி பெற்றது, மிஞ்சிய சுமார் 1,248 எக்டேர்தான். 2015-லும் 2023-லும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த வேளச்சேரிப் பிள்ளைக்கு, 'நீர்நிலைகளைக் காப்போம்' என்ற சுவரொட்டி சொல்லாததை இந்தப் படம் சொல்லிவிடும்.

மிகைமெய்யின் சரியான இடம் இதற்கு அடுத்த படியில். ரேடியல் சாலையோரம் நின்று கைபேசியை உயர்த்தினால், சதுப்பின் பழைய கரை திரையில் கோடாக விழ வேண்டும். ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். பட்டா வழக்குக்கு அது உதவாது, வகுப்புக்குப் போதும்.  

ஓர் எச்சரிக்கை. அரிய உயிரினம் இருக்கும் இடத்தை வரைபடத்தில் துல்லியமாகப் புள்ளி வைத்துக் காட்டுவது வேட்டைக்காரனுக்கு வழிகாட்டுவதாகவும் முடியலாம். அதனால்தான் உயிரினங்களைக் கண்ட பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அருகிவரும் இனங்களின் இருப்பிடத்தைத் தானாகவே மங்கலாக்குகிறது. எதைப் பகிரக் கூடாது என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறை இதற்கெனப் புதுச் செயலி எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியும் இணையமும் போதும். பற்றாக்குறை பழைய வரைபடத்துக்குத்தான். வருவாய்த் துறை கையிலுள்ள கிராம வரைபடங்களையும் நீர்நிலை எல்லைகளையும் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தி, அந்தந்த ஊர்ப் பள்ளிக்குத் தர வேண்டும். ஆக்கிரமிப்பு அம்பலமாகிவிடும் என்ற தயக்கம் இருந்தால், அதை முதலில் விட்டொழிக்க வேண்டும்.