நம்பர் வாங்கிட்டா தொழிலதிபரா?

டிஸ்கி: நான் வக்கீலும் இல்ல, ஆடிட்டரும் இல்ல. பொட்டி தட்டிப் பொழைக்கிற ஆளு. இதப் படிச்சுட்டு யாராவது கம்பெனி ஆரம்பிச்சாலோ மூடினாலோ கம்பெனி பொறுப்பேற்காது :-)

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு அமெரிக்காவுலேர்ந்து சித்தி பையன் போன். விழுப்புரத்துக்காரன். எம்.எஸ். படிக்கப் போயி ஒரு செமஸ்டர்தான் முடிஞ்சிருக்கு. இந்த நேரத்துல கூப்பிட்டா ஒண்ணு பணம் தீந்திருக்கணும், இல்ல காதல்னு ஏதாவது இருக்கணும்னு நெனச்சு எடுத்தேன்.

"அண்ணே, ஈ.ஐ.என். எடுக்கப் போறேன். ஒருத்தன் 300 டாலர் கேக்குறான். குடுக்கலாமா?"

திட்டம் என்னன்னா, தமிழ் வசனம் போட்ட டீசர்ட். இவன் டிசைன் பண்ணுவான், இன்னொருத்தன் பிரிண்ட் அடிச்சு அனுப்புவான், அங்க இருக்குற நம்மாளுங்க வாங்குவாங்க. டிசைனெல்லாம் காட்டுனான், நல்லாவே இருந்துச்சு. அதனாலதான் எனக்குப் பயம் ஜாஸ்தியாச்சு. விக்காத சரக்கா இருந்தா அதுவே காப்பாத்திடும். இது வித்துடும்.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. ஈ.ஐ.என்.ங்கறது அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். ஒரு தொழிலுக்குக் குடுக்குற ஒம்போது இலக்க எண். நம்மூர் பான் மாதிரி, ஆனா கம்பெனிக்கு. இதுக்கு ஐ.ஆர்.எஸ். வாங்குற கட்டணம் பூஜ்ஜியம். பைசா கிடையாது. எஸ்.எஸ்-4னு ஒரு ஃபாரம். சோஷியல் செக்யூரிட்டி நம்பரோ ஐ.டி.ஐ.என்.னோ இருந்தா ஆன்லைன்லயே உடனே கிடைச்சுடும். ரெண்டும் இல்லாதவங்க தபால்லயோ ஃபேக்ஸ்லயோ அனுப்பணும், நம்பர் கேக்குற கட்டத்துல 'ஃபாரின்'னு எழுதிடணும். அவ்ளோதான். அந்த ஒரு வார்த்தைய எழுதறதுக்குத்தான் 300 டாலர். நம்ம தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதிக் குடுக்கிறவரு எவ்வளவோ தேவலாம். அவரு டீக்காசுக்கு மேல கேக்க மாட்டாரு, கையெழுத்தும் அழகா இருக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? இனிமே கொசுவத்தி.

2021 ஆகஸ்ட்ல நானும் அதே மாதிரி எஃப்-1 விசாவுல போனவன்தான். அப்பாவுக்குத் திண்டிவனத்துல பம்ப் செட் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்குன்னு நான் காலேஜ் படிக்கும்போது எழுதிக் குடுத்த பில்லிங் சாஃப்ட்வேர அங்க ஒரு மளிகைக் கடைக்காரர் பாத்துட்டு, 'எனக்கும் குடு தம்பி, மாசாமாசம் பணம் தரேன்'னாரு. தலைக்கு மேல ஒளிவட்டம் சுத்த ஆரம்பிச்சிருச்சு. 2022 ஜனவரியில, எல்லாரும் பண்றாங்களேன்னு டெலவேர்ல ஒரு எல்.எல்.சி. பதிவு பண்ணேன். கேம்பஸ் வேலை கிடைக்காததால எங்கிட்ட சோஷியல் நம்பர் கிடையாது. (மாணவனுக்கு வேலை இருந்தாத்தான் அந்த நம்பர்.) ஆக, ஃபேக்ஸ்.

ஃபேக்ஸ் மெஷின நான் வாழ்க்கையில பாத்தது திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில, அதுவும் மேல துணி போத்தி வெச்சிருந்தாங்க. ராக்கெட் விடுற நாட்டுல வரித்துறைக்கு ஃபேக்ஸ்ல அனுப்புன்னா சிரிக்கிறதா அழறதா? இணையத்துல ஒரு ஃபேக்ஸ் சேவையப் புடிச்சு அனுப்பிட்டு, ரெண்டு வாரமா அதையே பாத்துகிட்டு இருந்தேன்.

பேருலயும் ஒரு கூத்து. நமக்கெல்லாம் ஏது சர்நேம்? பாஸ்போர்ட்ல அந்த இடம் காலி. அப்படி இருந்தா அமெரிக்க விசாவுல நம்ம பேரத் தூக்கி சர்நேம்ல வெச்சுட்டு, முதல் பேரு இருக்க வேண்டிய எடத்துல எஃப்.என்.யூ.னு போட்டுருவாங்க. 'முதல் பேர் தெரியவில்லை'னு அர்த்தம். எங்கம்மா ஆசையா வெச்ச பேரு தெரியலையாம். ஐ.ஆர்.எஸ். பதில் வந்தப்போ 'முதல் பேர் தெரியாதவர்'தான் கம்பெனிக்குப் பொறுப்பாளர். அந்தக் காகிதத்த போட்டோ புடிச்சு அப்பாவுக்கு அனுப்பிட்டுப் போன் போட்டேன்.

"ஆபீசர் வந்து கடையப் பாத்தாராப்பா?"

"கடையே இல்லப்பா. எல்லாம் லேப்டாப்லதான்."

"கடை இல்லாமயே நம்பர் குடுத்துட்டானா? அப்ப அந்த நம்பருக்கு என்ன மரியாதை?"

அன்னிக்கு எனக்குச் செம கடுப்பு. பழைய காலத்து ஆளு, இவருக்கென்ன தெரியும்னு நெனச்சேன். அவரு கேட்டதுல இருக்குற சங்கதி புரிய ஒரு வருஷம் ஆச்சு.

அவருக்கு நம்பர்னா அது வேற. 2007 ஜனவரியில தமிழ்நாட்டுல வாட் வந்தப்போ பதினோரு இலக்க டின் நம்பர் வாங்க ஆடிட்டர் ஆபீசுக்கு நடையா நடந்தவரு. 2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்தப்போ அது பதினஞ்சு இலக்கமாச்சு. முதல் ரெண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து அவரோட பான். கடை போர்டுலயே அந்த நம்பர எழுதணும்னு விதி இருக்கு, எழுதியும் வெச்சிருக்காரு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பதினஞ்சையும் ஒப்பிப்பாரு. என் பொறந்த தேதிய மட்டும் அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுவாரு.

எங்க பக்கத்து யாவாரிகளுக்கு இன்னொரு தலைவலி உண்டு, சென்னைக்காரங்களுக்குப் புரியாது. தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் சரக்கு விக்கிறவங்களுக்கு வருஷத்துக்கு 40 லட்சம் வரைக்கும் பொதுவா ஜி.எஸ்.டி. பதிவு வேணாம். திண்டிவனத்துலேர்ந்து கன்னியாகுமரிக்கு லாரி ஏத்தலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா சுமார் 40 கிலோமீட்டர்ல இருக்குற பாண்டிச்சேரிக்கு ஒரே ஒரு மோட்டார் அனுப்பினாக்கூட அது வெளிமாநில விற்பனை. அங்க 34. கைவினைப் பொருள் மாதிரி சில விலக்கு போக, முதல் ரூபாயிலேர்ந்தே பதிவு கட்டாயம். பாண்டிக்காரன் கடைக்கு நேர்ல வந்து வாங்கித் தோள்ல தூக்கிட்டுப் போனா பிரச்சனை இல்ல. இதுல எத்தனை பேரு மாட்டியிருப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க. இவ்வளவு குழப்பத்துலயும் ஒண்ணு மட்டும் தெளிவு. நம்பர் கைக்கு வந்துட்டா அப்பா யாவாரம் பண்ணலாம். அதத் தடுக்க இன்னொரு ஆபீஸ் கிடையாது.

எஃப்-1 மாணவனுக்கு அங்கதான் ஆப்பு. நம்பர் குடுக்குற ஐ.ஆர்.எஸ். உங்க விசா என்னன்னு கேக்கறதே இல்ல. எஸ்.எஸ்-4ல தலைகீழா நின்னு தேடுங்க, அப்படி ஒரு கேள்வி இல்ல. அவங்களுக்கு வரி வந்தாப் போதும். விசாவப் பாக்குறது வேற துறை, வேற கட்டடம், வேற சட்டம். அந்தச் சட்டம், அனுமதி இல்லாம வேலை செய்யாதேங்குது. கம்பெனி வெச்சிருக்கலாம், பங்கு வாங்கலாம். ஆனா அந்தக் கம்பெனிக்காகக் கோடு எழுதினா? டீசர்ட் டிசைன் பண்ணினா? 'ஆர்டர் ஏன் இன்னும் வரல'ங்கற கஸ்டமருக்குப் பதில் போட்டா? அது வேலை. சம்பளம் எடுக்கலங்கறதெல்லாம் நம்பிக்கையான வாதம் கிடையாது. எங்க கோடுங்கறதுல வக்கீலுக்கு வக்கீல் கருத்து மாறும். மாட்டிக்கிட்டா அந்தக் கருத்து வேறுபாட்டுக்குப் பீஸ் கட்டறது நாமதான்.

நான் சாஃப்ட்வேர விக்கல. பல்கலைக்கழகத்துல வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துல போய்க் கேட்டேன். அந்தம்மா, "பில் ஏதாவது போட்டியா?"ன்னு மட்டும் கேட்டாங்க. இல்லன்னேன். "போடாதே"ன்னாங்க. மளிகைக் கடைக்காரர்கிட்ட ஏதோ பரீட்சைன்னு பொய் சொல்லித் தப்பிச்சேன். கம்பெனி பேருல பேங்க்ல நான் போட்ட 500 டாலர் அப்படியே தூங்குச்சு. சும்மா கெடக்கட்டுமே, என்ன போச்சுன்னு விட்டுட்டேன்.

என்ன போச்சுங்கறது 2023 மார்ச்ல தெரிஞ்சுது. வரி தாக்கல் நேரம். சீனியர் ஒருத்தரு பேச்சுவாக்குல, "எல்.எல்.சி. வெச்சிருக்கியே, 5472 போட்டியா?"ன்னாரு. அது என்ன 5472, ரயில் நம்பரான்னு கேட்டேன். அவரு சிரிக்கல.

எஃப்-1ல போறவங்க வழக்கமா முதல் அஞ்சு காலண்டர் வருஷத்துக்கு வரி விஷயத்துல வெளிநாட்டுக்காரங்கதான். வெளிநாட்டுக்காரர் ஒருத்தரே சொந்தமா வெச்சிருக்கற எல்.எல்.சி., அவருக்கும் கம்பெனிக்கும் நடுவுல காசு போனாலோ வந்தாலோ, 5472ங்கற ஃபாரத்த ஒரு வெத்து 1120 ஃபாரத்தோட சேத்து அனுப்பணும். வருமானம் பூஜ்ஜியமா இருந்தாலும். நான் போட்ட 500 டாலரும் கணக்குல வரும். அனுப்பலன்னா அபராதம் 25,000 டாலர். மறுபடி படிங்க. இருபத்தஞ்சாயிரம். அப்போதைய மதிப்புல இருபது லட்சத்துக்கு மேல. அப்பா கடையில இருக்குற மொத்த சரக்கையும் எடைக்குப் போட்டாக்கூடத் தேறாது. அன்னிக்கு ராத்திரி தூங்கல மக்களே. மறுநாள் உக்காந்து ரெண்டு ஃபாரத்தையும் நிரப்பி, கெடுவுக்கு முன்னாடி அனுப்பிட்டேன். எதுலன்னு கேக்க மாட்டீங்களே? அதே ஃபேக்ஸ்.

அப்புறம் டெலவேர்க்காரங்களுக்கு வருஷ வரி 300 டாலர். ஒத்த ரூபா சம்பாதிக்காத கம்பெனிக்கு. கட்டிட்டு மூடினேன்.

இப்ப என் கருத்து. எஸ்.எஸ்-4ல ஒரே ஒரு வரி சேக்கட்டும்: 'இந்த எண் வேலை செய்யும் அனுமதி அல்ல'. சோஷியல் செக்யூரிட்டி கார்டுலயே சிலருக்கு 'குடியேற்றத் துறை அனுமதியோடு மட்டும் வேலைக்குச் செல்லும்'னு அச்சடிச்சுக் குடுக்கறாங்க இல்ல? ஒரு துறைக்குத் தெரிஞ்சது இன்னொரு துறைக்குத் தெரியாதா? அவங்க கேக்காம இருக்கறத நம்ம பசங்க சம்மதம்னு எடுத்துக்கறாங்க. கன்சல்டன்சிக்காரன் அதத்தான் விக்கிறான். நம்பர் வாங்கிக் குடுப்பான், 'வாழ்த்துக்கள், நீங்க ஒரு தொழிலதிபர்'னு மெயில் அனுப்புவான், 5472 பத்தி மூச்சு விட மாட்டான்.

அமெரிக்காவ மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல. மாணவர் விசாவுல நம்ம நாட்டுக்கு வர்றவங்களும் இங்க யாவாரம் பண்ண முடியாது. ஆரோவில் எங்க மாவட்டம்தான், வானூர் தாலுகா. அந்தப் பக்கம் படிக்க வந்த ஒரு வெள்ளக்காரப் பொண்ணு சோப்பு செஞ்சு வித்தா நாமளும் 'அழகா இருக்கே'ன்னு வாங்குவோம். சட்டம் அழகப் பாக்காது.

'தைரியமா எறங்கு, பாத்துக்கலாம்'னு சொல்ற அண்ணன்மாரும் உண்டு. அவங்க கிரீன் கார்டோட சொல்லுவாங்க. 2025 ஏப்ரல்ல ஆயிரக்கணக்கான மாணவர்களோட செவிஸ் பதிவ ராவோட ராவா முடக்கினாங்களே, அதுல சின்ன டிராஃபிக் கேஸ் இருந்தவங்களும் இருந்தாங்க. கோர்ட்டுல வரிசையா வழக்கு வந்த பிறகு மாசக் கடைசியிலதான் திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. நடுவுல அந்தப் பசங்க பட்ட பாட்ட யாரு ஈடு கட்டறது?

தம்பிகிட்ட இதெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன். "படிப்பு முடிச்சுட்டு ஓ.பி.டி. வாங்கு. அந்த முதல் 12 மாசம் உன் படிப்பு சம்பந்தமான சொந்தத் தொழிலே பண்ணலாம், சட்டமே ஒத்துக்குது. அதுக்கு மேல ஸ்டெம் நீட்டிப்பு 24 மாசத்துக்குத்தான் ஈ-வெரிஃபைல இருக்குற முதலாளி ஒருத்தரு வேணும்"னேன்.

"டீசர்ட் என் படிப்புக்கு சம்பந்தம் இல்லையேண்ணே"ன்னான்.

"அப்ப டீசர்ட் விக்கிற சாஃப்ட்வேர் எழுது."

சிரிச்சான். அப்புறம் மெதுவா, "அப்பாவுக்கு மாசாமாசம் வட்டி கட்டணும்ணே, அதுக்காகத்தான்"னான்.

அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. கல்விக் கடன் ஏழரை லட்சத்தத் தாண்டினா பேங்க்குல பிணை கேப்பாங்க. (தொகையப் பாத்தீங்களா, ஏழரை!) சித்தப்பா விழுப்புரம் வீட்டுப் பத்திரத்தக் குடுத்திருக்காரு. பையன் படிப்பு நடுவுல நின்னு போச்சுன்னா பேங்க்காரனுக்கு எஃப்-1ம் தெரியாது, செவிஸும் தெரியாது. அந்த வீட்டு மாடியிலதான் சின்ன வயசுல லீவுக்குப் போனா நாங்கல்லாம் வரிசையா பாய் போட்டுப் படுப்போம்.

இன்னொண்ணு. ஈ.ஐ.என்.ன ஒரு தடவ குடுத்துட்டா ஐ.ஆர்.எஸ். அத ரத்து பண்ணாது. கணக்க மூடச் சொல்லிக் கடிதம் போடலாம், போட்டேன். நம்பர் மட்டும் அப்படியே இருக்கும், வேற யாருக்கும் குடுக்க மாட்டாங்க. லாட்டரியில ரெண்டு தடவ ஹெச்-1பி கிடைக்காம 2024 கடைசியில ஊருக்கு வந்துட்டேன், இப்ப திண்டிவனத்துலேர்ந்தே ஆணி புடுங்கிகிட்டு இருக்கேன். அந்தக் காகிதம் அப்பாவோட பழைய டின் சான்றிதழ் இருக்கற அதே பிஸ்கட் டப்பாவுல இருக்கு.

தம்பி 300 டாலர் கட்டல. நேத்து விழுப்புரத்துலேர்ந்து சித்தி போன் பண்ணி, "புள்ள கம்பெனி ஆரம்பிக்கறேன்னு ஆசையா இருந்தானாமே, நீதான் வேணாம்னு சொன்னியாமே. உனக்கு நடக்கலன்னா அவனுக்கும் நடக்கக் கூடாதாடா?"ன்னு கேட்டுட்டு வெச்சுட்டாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி நேர்ல போலாம்னு இருக்கேன். 5472ன்னு ஆரம்பிச்சா வெளிய போடான்னுடுவாங்க. சித்திக்குப் புரியற மாதிரி இத எப்படிச் சொல்றதுன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்கப்பா.