70 வயது நிறைந்த மத்திய அரசு ஓய்வூதியர்: சி.ஜி.எச்.எஸ். அட்டையா, வய வந்தனா அட்டையா?

70 வயது நிறைந்த குடிமக்கள் அனைவருக்கும், வருமானம் எவ்வளவாயினும், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமின்றி மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் வசதி 2024 அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் தொடங்கப்பட்டது. இதற்கென வழங்கப்படுவது ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை. நீங்கள் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவராகவோ, அத்தகைய ஒருவரைப் பராமரிப்பவராகவோ இருப்பின், பதிவு செய்வதற்கு முன் ஒன்றை அறிந்திருத்தல் அவசியம். மத்திய அரசு சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்., முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ்., மத்திய ஆயுதக் காவல் படையினருக்கான ஆயுஷ்மான் சி.ஏ.பி.எஃப். ஆகியவற்றில் உள்ளோருக்கு இது கூடுதல் காப்பு அன்று. இருக்கும் திட்டத்தில் தொடர்வதா, புதியதற்கு மாறுவதா என்பதை ஒருமுறை தெரிவு செய்யும் வாய்ப்பே அவர்களுக்கு உண்டு.

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்போருக்கும் இ.எஸ்.ஐ. பயனாளிகளுக்கும் இந்நிபந்தனை இல்லை. அவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டார் பெற்றுவிட்டார் என்பதற்காக நீங்களும் பெறலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

5 லட்சம் என்னும் தொகை பெரிதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் சிகிச்சைச் செலவுக்கு ஆண்டு உச்சவரம்பே இல்லை. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில், அத்திட்டம் வகுத்துள்ள கட்டண விகிதப்படி, ஓய்வூதியர் ரொக்கம் செலுத்தாமல் சிகிச்சை பெறலாம். எனவே தொகையை மட்டும் ஒப்பிடுவது பொருத்தமற்றது.

உண்மையான வேறுபாடு மருத்துவமனைக்கு வெளியே உள்ளது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவர் ஆண்டு முழுவதும் ஒருநாள்கூட மருத்துவமனையில் தங்காதிருக்கலாம். மாத்திரையும் பரிசோதனையும் மட்டும் மாதந்தோறும் தொடரும். சி.ஜி.எச்.எஸ். நலவாழ்வு மையம், அதாவது பலர் இன்றும் டிஸ்பென்சரி என்றே அழைக்கும் இடம், அம்மருந்துகளை வழங்குகிறது; மருத்துவ ஆலோசனையும் அங்கேயே கிடைக்கிறது. வய வந்தனா அட்டையோ உள்நோயாளிச் சிகிச்சைக்கு மட்டுமே உரியது. அனுமதிக்கு முந்தைய 3 நாள்களுக்கும், வீடு திரும்பியபின் 15 நாள்களுக்கும் உரிய பரிசோதனை, மருந்துச் செலவுகள் அதில் அடங்கும். பதினாறாம் நாள் முதல் மருந்துக்கடைச் செலவு உங்களுடையது. முதுமையில் குடும்பத்தின் கையிருப்பைச் சிறிது சிறிதாகக் கரைப்பது பெரும்பாலும் இச்செலவுதான்.

தங்கும் அறையிலும் வேறுபாடு உண்டு. சி.ஜி.எச்.எஸ். பயனாளியின் அறைத்தகுதி அவரது அடிப்படை ஊதியம் அல்லது ஓய்வூதியத்தைப் பொறுத்தது. ஆயுஷ்மான் பாரத் சிகிச்சைத் தொகுப்புகள் பொது வார்டை அடிப்படையாகக் கொண்டவை.

அடுத்து, துணைவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணவருக்கு 72, மனைவிக்கு 66 எனில், வய வந்தனா அட்டை கணவருக்கு மட்டுமே உரியது. இருவரும் 70 கடந்தவராயின் 5 லட்சத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். சி.ஜி.எச்.எஸ். திட்டத்திலோ மனைவியின் காப்பு ஓய்வூதியரின் உறுப்பினர் தகுதியைச் சார்ந்தது. அவர் விலகினால் மனைவியின் மருந்து என்னவாகும் என்பதை உங்கள் நலவாழ்வு மையத்தில் எழுத்துமூலம் கேட்டறிந்த பின்னரே முடிவெடுங்கள். ஓய்வூதியர் பலர் 120 மாதச் சந்தாவை ஒரே தவணையில் செலுத்தி வாழ்நாள் அட்டை பெற்றிருப்பதையும் மறத்தலாகாது.

அவ்வாறாயின் புதிய அட்டை எவருக்குப் பொருந்தும்? ஓய்வுக்குப்பின் சி.ஜி.எச்.எஸ். சந்தா செலுத்தாமல் விட்டு, எவ்விதக் காப்பும் இன்றி இருப்போருக்கு அது பெருந்துணை. நலவாழ்வு மையம் இல்லாத ஊரில் வாழ்வோர் நிலை சற்றே சிக்கலானது. அவர்கள் வெளிநோயாளிச் செலவுக்கு மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப் படி பெற்றுக்கொண்டு, மருத்துவமனைச் சிகிச்சைக்கு மட்டும் சி.ஜி.எச்.எஸ். வசதியைப் பயன்படுத்த வழியுண்டு. இவ்வழியை அறியாமலே பலர் மாறிவிடக்கூடும். அருகிலுள்ள எந்த மருத்துவமனை எந்தத் திட்டத்தை ஏற்கிறது என்று விசாரித்த பின் முடிவு செய்வதே முறை.

சி.ஜி.எச்.எஸ். அட்டையுடன் தனியார் காப்பீடும் உங்களிடம் இருந்தால், அதைக் கைவிட வேண்டியதில்லை. முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் கோரிக்கை வைத்து, எஞ்சிய தொகையைச் சி.ஜி.எச்.எஸ். மூலம், அதன் விகிதங்களுக்கு உட்பட்டுக் கோரலாம். இரண்டும் சேர்ந்து உண்மைச் செலவை விஞ்சலாகாது.

பெற்றோருக்காகச் செயலியிலோ முகாமிலோ பதிவு செய்யும் மகன், மகள் கவனத்திற்கு: ஆதார் எண்ணும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் கொடுத்தவுடன் பதிவு விரைவாக முடிந்துவிடும். வேறு அரசுத் திட்டத்தில் உள்ளாரா என்ற விவரத்தை உண்மையாகக் குறிப்பிடுங்கள். அவரைக் கேளாமல் அவருக்காகத் தெரிவு செய்யாதீர்கள். ஆயுஷ்மான் பாரத் தொடர்பான ஐயங்களுக்கு 14555 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.