வந்து வந்து போகும் மஞ்சள் விளக்கு



காரின் முன் பலகையில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று இருக்கிறதல்லவா? அது ஒரேயடியாக எரிந்தால் போமனிடம் காட்டிவிடலாம். திங்கட்கிழமை எரிந்து, புதன்கிழமை அணைந்து, சம்பளம் வாங்கிய மறுநாள் மறுபடி எரிந்தால் என்ன செய்வது? கமுந்திங் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த குடும்பங்கள் பலவற்றில் இருப்பது பதினைந்து, இருபது வயதைத் தாண்டிய வீராவோ மைவியோதான். பிள்ளை பள்ளிக்கூடம் போவதும் அதில்தான், பாட்டியைத் தைப்பிங் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அதில்தான். அது வழியில் நின்றால் ஒரு நாள் சம்பளம் போயிற்று.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விளக்கு நின்று எரிந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். மின்னி மின்னி எரிந்தாலோ, பெட்ரோல் சரியாக எரியாமல் புகைக்குழாய்க்குள் போகிறது என்று பொருள். அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்ற பாகம் சூட்டில் கெட்டுவிடும், விலையும் அதிகம். காலைத் தளர்த்தி ஓரமாக நிறுத்துங்கள். ஆயில் விளக்கு, வெப்ப விளக்கு ஆகிய சிவப்பு விளக்குகள் எரிந்தாலும் அப்படியே. உடனே நிறுத்த வேண்டும்.

1985-ல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர் இருந்தது. குறை சொல்லக் கணினி இல்லை. பிற்பாடு வந்த கார்களில் சென்சார்கள் கணினிக்குச் செய்தி அனுப்புகின்றன. செய்தி தப்பாக இருந்தால் கணினி ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு விளக்கை ஏற்றுகிறது. பல பழுதுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் குறை தெரிந்தால்தான் விளக்கு வரும். பிறகு தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குறை தெரியாவிட்டால் கணினியே விளக்கை அணைத்துவிடும். ஆனால் எண் உள்ளேயே இருக்கும். இஞ்சின் நாற்பது தடவை சூடாகிக் குளிரும் வரையில்கூட இருக்கும். ஆகவே விளக்கு அணைந்ததால் கார் குணமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

இங்கேதான் நம்மவர்கள் பலர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். "பேட்டரி வயரைக் கழற்றி மாட்டு, விளக்கு போயிடும்" என்று யாராவது சொல்வார். போகும்தான். கூடவே எண்ணும் அழிந்துபோகும். குறை தோன்றிய நேரத்தில் இஞ்சின் எவ்வளவு சூடு, எத்தனை வேகம் என்று சேர்த்து வைத்திருந்த குறிப்பும் அழியும். பிறகு போமன் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்?

தோட்ட ஆஸ்பத்திரி டிரெசரை நினைத்துப் பாருங்கள். விட்டு விட்டு வரும் காய்ச்சல் என்றால், "குளிர் எந்த நேரத்தில் வருது, ஒருநாள் விட்டு ஒருநாளா?" என்றுதான் கேட்பார். மலேரியாவின் வகையே அதில் தெரிந்துவிடும். காருக்கும் அந்த வைத்தியம்தான். பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், மழையா வெயிலா, எந்த ரோடு, இஞ்சின் உதறியதா.

மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் வருகிறதா? தைப்பிங் பக்கத்து மழையைச் சொல்லவா வேண்டும்! பிளக் வயரிலோ காயிலிலோ வெடிப்பு இருந்தால், ஈரத்தில் நெருப்புப்பொறி வழி தவறிவிடும். செம்மண் ரோட்டில் குலுங்கும்போது வருகிறதென்றால் ஏதோ ஒரு வயர் இணைப்பு தளர்ந்திருக்கலாம், பச்சை பூத்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புக்கிட் பெராபிட் ஏற்றத்தில்தான் வருகிறதா? பெட்ரோல் பம்ப், வடிகட்டி, காயில் இவற்றைச் சந்தேகிக்கலாம். நெரிசலில் இஞ்சின் நன்றாகச் சூடேறியபின் கார் நின்று, ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோல் ஓடினால் கிராங் சென்சாரைப் பார்க்க வேண்டும்.

எண்ணைப் படிக்கும் சிறு கருவி இன்று சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறது, கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். 1990-களின் கார்கள் எல்லாவற்றிலும் இது வேலை செய்யாது. அவற்றில் சிலவற்றுக்கு விளக்கு எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணித்தான் படிக்க வேண்டும். பழைய போமன்களுக்கு அது கைவந்த கலை.

எண் வந்ததும் அந்தப் பாகத்தை மாற்றிவிடக் கூடாது. ஆக்சிஜன் சென்சார் பெயரில் எண் வந்தால், காற்றுக்குழாய் வெடித்து வெளிக்காற்று உள்ளே போவதை அந்தச் சென்சார் சொல்லிக்கொண்டிருக்கலாம். வகுப்பில் சண்டை நடப்பதை வந்து சொன்ன பையனையே வெளியே அனுப்புவதுபோல், நல்ல சென்சாரைத் தூக்கி எறிந்து புதிதுக்குப் பணம் கட்டினால் விளக்கு மறுவாரமே திரும்ப வரும். "அண்ணே, மாற்றுவதற்கு முன்னே குழாய், வயர் எல்லாம் பார்த்தீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல போமன் கோபித்துக்கொள்ள மாட்டார். பழுது பார்த்தபின் எண்ணை அழிக்கச் சொல்லி, நோட்டில் எழுதிய அதே ரோட்டில், அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டார்ட் செய்யுமுன் சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி திருப்பியும் எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், மேலே கறுப்பு டேப் ஒட்டியிருக்கலாம். விற்பவரிடம் கேளுங்கள். சரியான பதில் வரும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.