டிபி, எச்.ஐ.வி. ரெண்டுக்கும் மாத்திரை எடுக்கிறீர்களா? 12 மணி நேரம் கழித்து வரும் அந்த இன்னொரு மாத்திரையை விடாதீங்க!

எச்.ஐ.வி. பாதித்தவர்களின் உயிரை உலக அளவில் அதிகம் பறிக்கும் நோய் டிபி எனப்படும் காசநோய்தான். 2023-ல் மட்டும் டிபியால் இறந்த எச்.ஐ.வி. பாதித்தவர்கள் சுமார் 1.61 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இத்தனைக்கும் இரண்டு நோய்க்கும் மருந்து உண்டு. இந்தியாவில் அரசே இலவசமாகத் தருகிறது. ஆனால், ஒரே உடம்புக்குள் இரண்டு மருந்தும் சேரும்போது ஒன்று இன்னொன்றின் வேலையைக் கெடுக்கலாம்.

அது எப்படி? என்ன செய்ய வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

சிக்கல் எங்கே?

டிபி சிகிச்சையின் முதுகெலும்பு ரிஃபாம்பிசின். வழக்கமான 6 மாத சிகிச்சை முழுக்க இது உண்டு. டிபி கிருமியை அழிப்பதோடு, மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளையும் இது முடுக்கிவிடுகிறது. இதனால் மற்ற மருந்துகள் ரத்தத்தில் தங்க வேண்டிய நேரத்துக்கு முன்பே கரைந்து போகின்றன.

ஏ.ஆர்.டி. மையங்களில் பெரும்பாலானோருக்குக் கிடைப்பது டி.எல்.டி. மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த இதை நாளுக்கு ஒன்று போட்டால் போதும். இந்த மூன்றில் ரிஃபாம்பிசினிடம் அடி வாங்குவது டொலுடெக்ராவிர். அதன் அளவு ரத்தத்தில் குறைந்தால் வைரஸ் மீண்டும் தலைதூக்கும். மருந்துக்கு அடங்காத வைரஸாகவும் மாறலாம்.

தீர்வு என்ன?

டி.எல்.டி. போட்டு 12 மணி நேரம் கழித்து, 50 மி.கி. டொலுடெக்ராவிர் தனியாக இன்னொன்று. டிபி சிகிச்சை முடிந்த பிறகும் 2 வாரம் இதைத் தொடர வேண்டும். டிபிதான் சரியாயிடுச்சே, அப்புறம் எதுக்கு? ரிஃபாம்பிசினை நிறுத்தினாலும் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்ப அவ்வளவு நாள் ஆகும்.

லோபினாவிர், அட்டாசனாவிர் வகை மருந்து எடுப்பவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்களுக்கு ரிஃபாம்பிசினுக்குப் பதில் ரிஃபாபுடின் தரப்படும்.

சென்னை ஆய்வு காட்டியது என்ன?

டிபியோடு சேரும்போது எந்த எச்.ஐ.வி. மருந்து தாக்குப்பிடிக்கும் என்ற கேள்வி புதிதல்ல. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், இரண்டு நோயும் உள்ள 116 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2011-ல் வெளியானது. தினம் ஒருமுறை எஃபாவிரென்ஸ் எடுத்தவர்களில் 85 சதவீதம் பேருக்கு 24 வாரத்தில் வைரஸ் கட்டுக்குள் வந்தது. தினம் ஒருமுறை நெவிராபின் எடுத்தவர்களில் அது 65 சதவீதம்தான். டிபி இருக்கும்போது எச்.ஐ.வி. மருந்தின் தேர்வும் அளவும் உயிர் பிரச்சினை என்பதற்கு இது உள்ளூர் சாட்சி.

பெண்ணாடத்தில் இருப்பவருக்கு இதில் என்ன?

ஊர்க்காரர் கண்ணில் படக் கூடாது என்று ஒருவர் பெண்ணாடத்திலிருந்து தூரத்து ஊருக்குப் போய் எச்.ஐ.வி. மருந்து வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருமல் வந்ததும் பக்கத்தில் உள்ள தனியார் கிளினிக்கில் காட்டுகிறார். எச்.ஐ.வி. பற்றி அங்கே வாய் திறக்கவில்லை. டிபி மாத்திரை எழுதித் தரப்படுகிறது. டிபி வந்தது ஏ.ஆர்.டி. மையத்துக்கும் தெரியாது. அந்தக் கூடுதல் மாத்திரையை யார் தருவார்?

இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஏ.ஆர்.டி. மையத்திலேயே டிபி மருந்தையும் தரும் ஏற்பாடு உள்ளது. நோயாளி சொன்னால்தான் அது பயன்படும். எச்.ஐ.வி. விவரத்தை ரகசியமாகக் காப்பது 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி கட்டாயம்.

இதையும் கவனியுங்க

* சத்து மாத்திரை: இரும்பு, கால்சியம், வயிற்றெரிச்சல் மருந்துகள் டொலுடெக்ராவிரை உடம்பில் சேர விடாது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ டொலுடெக்ராவிரைப் போட வேண்டும். கர்ப்பிணிகள் மறக்கக் கூடாது.

* கருத்தடை மாத்திரை: ரிஃபாம்பிசின் இதையும் பலவீனமாக்கும். மாற்று வழியை டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை மாத்திரை, வார்ஃபரின் எடுப்பவர்களும் சொல்லிவிடுங்கள்.

* சிவந்த சிறுநீர்: ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பு. கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம்.

* திடீர் காய்ச்சல்: எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலோ, நெறிகட்டுதலோ கூடலாம். எதிர்ப்பு சக்தி மீண்டும் விழித்துக்கொள்வதால் இப்படி நடப்பதுண்டு. மருந்தை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097, டிபி உதவி எண் 1800-11-6666. எந்த டாக்டரிடம் போனாலும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொல்லத் தயங்குவதை அந்த அட்டைகள் சொல்லிவிடும்.