ஏலக்காய்க்கு மில்லிமீட்டர், எங்கள் காலடி மண்ணுக்கு?

போடிநாயக்கனூர் வியாபாரத்தில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். 8 மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, 7க்கு ஒரு விலை. ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் முதலாளிக்கு மனசு பொறுக்காது. அந்தக் காயைப் பறிக்க விடியுமுன் ஜீப்பில் அடைந்துகொண்டு போடிமெட்டு ஏறுகிறாளே நம்ம சனத்துப் பொம்பளை, அவள் நிற்கிற சரிவு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று எவன் அளந்தான்?

நான் வங்கிக் குமாஸ்தா. கணக்கெழுதி வயிறு வளர்க்கிறவன். எதற்கு மதிப்பு உண்டோ அதை மட்டுமே இந்தச் சமூகம் பேரேட்டில் ஏற்றும். ஏற்றாமல் விட்டது மறதியால் அல்ல, தீர்மானத்தால்.

அளக்கத் தெரியாது என்று மட்டும் யாரும் கதைவிட வேண்டாம். நிலத்தடிச் சுரங்கத்தில் கரியை எடுத்தபின் மேல்தரை இறங்கும். அதைக் கண்காணிக்க மேலே வரிசையாகக் குற்றி நட்டு, லெவல் கருவி வைத்து, மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் குறித்துக்கொள்கிறார்கள். தெரிந்த வித்தைதான். ஆனால் ஜார்க்கண்டின் ஜரியாவைப் பாருங்கள். 1916 முதல் பூமிக்குள் நெருப்பு. ஜனங்களை வெளியேற்றிக் குடியமர்த்த 2009இல் 7,000 கோடிக்கு மேல் திட்டம் போட்டார்கள். 2017 மே மாதம் அதே ஜரியாவில் தரை வாய்பிளந்து ஒரு தகப்பனையும் மகனையும் விழுங்கியது. ஆபத்து காகிதத்தில் ஏறிவிட்டது. ஆள் மட்டும் அங்கேயே கிடந்தான்.

நம் மலைக்கு வருவோம். இங்கே கரி இல்லை, சுரங்கம் இல்லை. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி ஊறி, பாறையோடு மண்ணுக்குள்ள பிடிப்பு விட்டுப்போனால் சரிவே வழுக்கி வரும். இதையும் அளக்கலாம். மூணாறு அந்தோணியார் காலனியில் 2009இலேயே அமிர்தா பல்கலைக்கழகம் மண்ணுக்குள் உணர்கருவிகளைப் பதித்தது. நீரழுத்தமும் அசைவும் அங்கே பதிவாகின்றன. போடிமெட்டு–மூணாறு சாலையை அகலப்படுத்த கேப் ரோட்டில் மலையை வெட்டினார்கள். 2019இலும் 2020இலும் மலை சரிந்தது. எச்சரிக்கை வேறு எப்படி வரும்? தந்தியா அடிக்கும்?

2020 ஆகஸ்ட் 6. பெட்டிமுடி. ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இரவு பத்தே முக்கால் வாக்கில் மலை இறங்கி, தூங்கிக்கொண்டிருந்த தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. கரண்ட் இல்லை, போன் இல்லை. வெளியுலகுக்குச் சேதி போகவே மறுநாள் விடிந்தது. 70 உயிர். நாலு பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பெரும்பகுதி நம் சனம். பலருக்கு வேர் கயத்தாறுப் பக்கம்.

மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. அங்கே செத்தவர்களுக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம். பெட்டிமுடிக்கு 5 லட்சம். முதல்வர் கோழிக்கோட்டுக்கு அடுத்த நாளே போனார். பெட்டிமுடிக்கு 13ஆம் தேதி வந்தார். விமானத்தில் செத்தவர் மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் கூட்டல் கழித்தல் தெரிந்தவன் கேட்கிறேன்: லயத்தில் செத்தவன் அரை மனுசனா?

கருவி வந்துவிட்டால் மட்டும் போதுமா? 2024 ஜூலை 29 அன்றே வயநாட்டில் ஹியூம் மையம் மழைக்கணக்கை வைத்து மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்தது. 30ஆம் தேதி பின்னிரவில் முண்டக்கையும் சூரல்மலையும் போயின. 250 பேருக்கு மேல் மாண்டார்கள். தோட்டப் பாடிகளில் இருந்தவர்களும் அதில் உண்டு. அளந்தவன் கையில் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவன் காதில் அளவு ஏறவில்லை.

ஆகவே சிக்கல் மண்ணில் இல்லை தோழர்களே, மண் யார் பேரில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்குக் குடியிருக்க வீடு கொடுக்கச் சொன்னது. அதை அவனுக்குச் சொந்தமாக்கச் சொல்லவில்லை. கேரளத்தின் 1963 நிலச்சீர்திருத்தச் சட்டம் தோட்டங்களை உச்சவரம்பிலிருந்து விலக்கிவைத்தது. மூன்று, நான்கு தலைமுறை உழைத்தும் காலடி மண் நமதில்லை. சொந்த நிலமுள்ளவன் விரிசல் கண்டால் தாசில்தாரை இழுத்து வருவான். லயத்தில் இருப்பவன் விரிசலுக்குள் சாக்கைத் திணித்துவிட்டு வேலைக்குப் போவான். பேர் கொடுத்தால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும். பெட்டிமுடிக்குப் பிறகு மூணாறில் முதல்வரின் வண்டியை மறித்த பொம்பளை ஒருமையின் கோமதி கேட்டது நிலமும் வீடும்தான். கிடைத்தது கைது.

'இயற்கைச் சீற்றம்' என்று பத்திரிகைக்காரன் எழுதட்டும். மழை இயற்கை. மலைச்சரிவின் அடியில் யாரைப் படுக்கவைப்பது என்பது சாதி.

மாணவத் தோழர்களே, மலைக்குப் போங்கள், அழுவதற்கல்ல. ஒவ்வொரு லயத்திலும் ஒரு மழைமானி வைக்கச் சொல்லுங்கள். தொழிலாளியே வாசிக்கட்டும், தொழிலாளியே எழுதட்டும். இத்தனை மழை பெய்தால் யாரையும் கேட்காமல் இறங்கிவிடும் உரிமை, இறங்கிய நாளுக்கு முழுக்கூலி, பாதுகாப்பான இடத்தில் பெண்கள் பேரில் பட்டா. இந்த மூன்றும் இல்லாமல் எந்தக் கருவி வந்தாலும் அது நம் சாவைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளத்தான் உதவும்.