20 வாட்டை வீட்டுக்குள் அடக்குவது

வால்வு ஆம்ப்ளிஃபயரின் இனிமை, வால்யூமைக் கூட்டினால்தான் வெளிவருகிறது. பவர் வால்வுகள் எல்லையைத் தொடும்போது அலையின் முகடுகள் மழுங்கி, கிடாரின் நாதம் கனக்கிறது. மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய அடுக்ககங்களிலோ ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் வரம்பு பகலில் 55 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை 45. 12 அங்குல கிடார் ஸ்பீக்கர் 1 வாட்டிலேயே, 1 மீட்டர் தொலைவில் 100 டெசிபலை நெருங்கிவிடும். இந்த இடைவெளியை ஓரளவு சுருக்க, ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைக்கும் பெட்டிதான் அட்டெனுவேட்டர். உபரி மின்சக்தியை அது வெப்பமாக்கிவிடுகிறது.

ஸ்பீக்கர் வயரில் கைக்குக் கிடைத்த ரெசிஸ்டரைச் சேர்ப்பது ஆபத்து. 8 ஓம் எதிர்பார்க்கும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு 8 ஓம்தான் தெரிய வேண்டும். லோடே இல்லாமல் வால்வு ஆம்ப் ஓடினால் மின்னழுத்தம் எகிறி ட்ரான்ஸ்ஃபார்மர் கருகிப்போகலாம். ஆகவே இரண்டு ரெசிஸ்டர்கள் தேவை: தொடராக 3.9 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு இணையாக 8.2 ஓம். இணைச்சுற்று ஏறக்குறைய 4 ஓம் ஆகிறது. தொடர் ரெசிஸ்டரோடு சேர்த்தால் 8. ஆம்பின் 20 வாட்டில் பாதி தொடர் ரெசிஸ்டரில் தீர்கிறது. மீதியை இணை ரெசிஸ்டரும் ஸ்பீக்கரும் ஆளுக்கு 5 வாட்டாகப் பங்கிட்டுக்கொள்கின்றன.

கால்வாசி சக்தி என்றால் 6 டெசிபல் குறைவுதான். காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்றவே 10 டெசிபல் இறங்க வேண்டும், அதாவது சக்தி பத்தில் ஒன்றாக வேண்டும். நல்லவேளையாக, இந்தச் சுற்று தானே 8 ஓமாகத் தெரிவதால் இதேபோல் இன்னொன்றை அடுத்துக் கோக்கலாம். 12 டெசிபல் குறைந்து, ஸ்பீக்கருக்கு 1.25 வாட் சேரும். அதுவும் நள்ளிரவுக்கு உகந்ததல்ல. பகல் பயிற்சிக்குப் பெரிய ஆறுதல்.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் அலுமினிய உறை போட்ட வயர்வவுண்ட் ரெசிஸ்டர் கேட்டு வாங்க வேண்டும். முகடு மழுங்கிய அலை, ஆம்பில் எழுதியிருக்கும் வாட்டைப்போல் இரு மடங்குவரை தரக்கூடும். எனவே முதல் தொடர் ரெசிஸ்டர் 50 வாட், மற்றவை 25 வாட் இருப்பது நல்லது. முதலாவதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. அது அறுந்தால் ஆம்புக்கு லோடே இல்லை. இந்த வாட் கணக்கெல்லாம் ஹீட்சிங்கில் பொருத்தினால்தான் செல்லும். வெறுமனே தொங்கவிட்டால் தாங்குதிறன் பாதிக்கும் கீழே போய்விடும். சென்னையின் மே மாத வெயிலுக்குப் பெட்டியில் காற்றுத் துளைகளும் தாராளமாக வேண்டும். கிடார் கேபிளைப் பயன்படுத்தாமல் தடித்த ஸ்பீக்கர் வயரையே எடுக்க வேண்டும்; மூட்டுகளை வெறுமனே முறுக்கி விட்டுவிடாமல் சால்டர் செய்ய வேண்டும்.

நாதம் சற்று மாறத்தான் செய்யும். ஸ்பீக்கரின் தடை சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். ரெசிஸ்டருடையது அப்படி அல்ல. சத்தம் குறைந்தால் காதுக்கும் அடிநாதம் மெலிந்தே கேட்கும். ட்ரான்சிஸ்டர் ஆம்ப் வைத்திருப்பவருக்கு இந்தப் பெட்டியே வேண்டாம். வால்யூம் குமிழ் போதும்.

ஆம்பை இணைக்கும் முன், ஸ்பீக்கரை மாட்டிய பெட்டியின் உள்ளீட்டில் மல்டிமீட்டரை வைத்தால் 7 ஓமுக்கும் 8 ஓமுக்கும் இடையே காட்ட வேண்டும். பூஜ்யமோ முடிவிலியோ காட்டினால் எங்கோ மூட்டு தவறியிருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.